கட்டிக் கொடுத்த லைன்

டெலிபோன் கேபிள் இழுக்கிற எங்கள் கேங்கில், ஒரு பெட்டியிலிருக்கும் லைனைக் கழற்றி இன்னொரு பெட்டியில் மாட்டினால் அதற்குக் கட்டிக் கொடுத்தாச்சு என்று பெயர். முதலில் யார் வாயிலிருந்து வந்ததோ தெரியாது. தெருமுனையில் ஆள் உயரத்துக்குச் சாம்பல் நிற இரும்புப் பெட்டி நிற்கிறதே, வீட்டுக்கு வீடு போகிற தொலைபேசி ஒயர்களெல்லாம் அதில்தான் வந்து கூடும். பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், துரு தின்றுவிட்டால், அதிலிருக்கும் லைன்களைப் பக்கத்துப் பெட்டிக்கு மாற்றிவிடுவோம். லைன் இருந்த பழைய ஓட்டையில் ஒரு துண்டு சிவப்பு ஒயரை முடிந்து வைப்போம். போனவள் போன இடம் தெரியாமல் போய்விடக் கூடாதல்லவா.

நான் குழி தோண்டுகிறவள். குழி தோண்டி, குழாய் இறக்கி, கேபிளைத் தோளில் போட்டு இழுத்து, மண்ணை மூடி மிதித்துவிட்டுப் போவதுதான் என் வேலை. பெட்டிக்குள் கையை விட்டு ஒயர் சேர்ப்பவன் ஒட்டடைக்குச்சி. அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. பெற்றவர்கள் வைத்த பெயரை அவனே மறந்திருப்பான். எங்களுக்கு மேல் மேஸ்திரி.

ஆபீசிலிருந்து ஒரு இஞ்சினியர் அம்மா வந்தபோது எனக்குக் குழி வேலையிலிருந்து கொஞ்ச நாள் விடுதலை கிடைத்தது. தெருவில் இருக்கும் பெட்டி, கேபிள், லைன் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒரே கோப்பாக எழுத வந்திருந்தார். பெட்டிக்குள் ஒவ்வொரு லைனிலும் தொங்கும் சின்னத் தகட்டில் எழுதியிருப்பதை யாராவது சத்தமாகப் படித்துச் சொல்ல வேண்டும். ஒட்டடைக்குச்சிக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது; கண்ணாடி போட்டால் கௌரவம் போய்விடும். மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீதான் ராத்திரிப் பள்ளிக்கூடம் போய் படிச்சவளாச்சே. வந்து படி. இடுப்புக்கும் ஓய்வு."

பாதி வயசுக்கு மேல் எழுத்துக் கற்றவள் நான். அந்த வகுப்புக்குப் போன காலத்தில் சமைத்து, என் பிள்ளைகளுக்குப் போட்டு, தூங்க வைத்தது என் நாத்தனார். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் சாலையில். அவருடைய தங்கைதான் எங்களோடு இருக்கிறாள். பஞ்சு ஆலையில் உழைத்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவள். இப்போது வீட்டு மூலையில் ஒரு மூச்சு மிஷின், அதிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய். மிஷினிலிருந்து லைன் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகிறது. மூச்சு குறைந்தால் மிஷினே ஆஸ்பத்திரியைக் கூப்பிடும். அவளும் பொத்தானை அமுக்கிப் பேசலாம். அந்த லைன் இருக்கிற தைரியத்தில்தான் டாக்டர் அவளை வீட்டுக்கு விட்டார். நான் பகலெல்லாம் வேலையில். பிள்ளைகள் பள்ளியில். அவள் தனியாக அந்த லைனை நம்பி உட்கார்ந்திருப்பாள்.

சரி, கோப்புக்கு வருகிறேன். இஞ்சினியர் அம்மா மடக்கு நாற்காலியை, எங்கள் தெரு லைன்களைக் கட்டிக் கொடுத்திருந்த புதுப் பெட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்து, மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு எனக்குத் திரையைக் காட்டினார். எக்ஸ்எம்எல் என்று சொன்னார். ஒவ்வொரு பொருளுக்கும் திறக்கிற கதவு ஒன்று, மூடுகிற கதவு ஒன்று. இரண்டு கதவுக்கும் நடுவே இருப்பதெல்லாம் அந்தப் பொருளைச் சேர்ந்தவை. ஆபீசுக்குள் பெட்டி, பெட்டிக்குள் கேபிள், கேபிளுக்குள் லைன். எது எதற்குள் போகலாம் என்று தனியாக ஒரு சட்டம் எழுதியிருக்கிறாராம்; அதற்கு ஸ்கீமா என்று பெயராம். ஒட்டடைக்குச்சி அன்றைக்கே அவருக்கு எக்ஸெம்மெல் அம்மா என்று பட்டம் கட்டிவிட்டான்.

எங்கள் தெரு லைன்களுக்கு வந்தோம். நான் தகட்டை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"இது எந்தப் பெட்டியில சேர்ந்ததுங்க?" என்று அவர் கேட்டார்.

"புதுப் பெட்டி" என்றார் மேஸ்திரி.

"பழைய பெட்டியிலயும் இருக்கு. சிவப்பு ஒயர் கட்டியிருக்கேன்ல" என்றான் ஒட்டடைக்குச்சி.

அந்த அம்மா இரண்டு பெட்டிக்குள்ளும் எழுதிப் பார்த்தார். திரை சிவந்தது.

"ஒத்துக்கமாட்டேங்குது. ஒரே பேரு ரெண்டு இடத்துல வரக்கூடாதுன்னு சட்டம் வெச்சிருக்கேன். ஒரு பொருளுக்கு ஒரு இடம்தான்."

"அது என்னம்மா அநியாயம்? கட்டிக் கொடுத்துட்டா பொறந்த வீடு இல்லேன்னு ஆயிடுமா?"

"டேய் குச்சி" என்று மேஸ்திரி அதட்டினார். "பொண்ணு இப்ப எங்க குடியிருக்காளோ அதைச் சொல்லு. ஜாதகத்தையா கேட்டாங்க?"

இஞ்சினியர் அம்மா சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"புருஷன் வீடுதாங்க. என் விலாசத்தை நான் இத்தனை வருஷமா அப்படித்தானே சொல்றேன்" என்றேன்.

புதுப் பெட்டியின் இரண்டு கதவுக்கும் நடுவில் எங்கள் தெரு லைன்கள் போய் உட்கார்ந்தன. திரையில் சிவப்பு மறைந்தது. எல்லாருக்கும் திருப்தி.

பழைய பெட்டி அந்தக் கோப்பில் காலியாகிவிட்டது.

அதற்குப் பிறகு மழை வந்தது, நான் மறுபடி குழிக்குள் இறங்கினேன். இஞ்சினியர் அம்மா ஆபீசுக்கே போய்விட்டார் என்று நினைத்திருந்தேன். ஒரு காலை, நாங்கள் ஷெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"மறுபடியும் உங்களைத் தொந்தரவு பண்ண வந்துட்டேன். அதே விஷயத்தை இப்ப வேற விதமா எழுதணும். ஆர்டிஎஃப்னு பேரு. மத்த கம்பெனிக்காரங்க கோப்போட சேர்ந்து பேசறதுக்கு அதுதான் வசதி."

"எக்ஸெம்மெல் போய் ஆர்டிஎஃப்பா? அப்ப உங்க பேரையும் மாத்தணுமே" என்றான் ஒட்டடைக்குச்சி. அவன் வைத்த பட்டப்பெயர் அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் ஆச்சரியப்படவே இல்லை; அவன் தட்டிலிருந்த பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார்.

மேஸ்திரி நகர்ந்து இடம் கொடுத்தார். "சீக்கிரம் முடிச்சுக்கங்கம்மா. இன்னைக்கு மத்தியானம் அடுத்த கேங்கு பழைய பெட்டியோட கரண்டை நிறுத்துது. நாங்க நாளைக்கு அதைப் பேர்த்து எடுக்கணும்."

அந்த அம்மா ஷெட்டின் தகரச் சுவரில் சாக்குக்கட்டியால் எழுதினார். இதில் கதவு கிடையாது, உள்ளே வெளியே கிடையாது. எல்லாம் சின்னச் சின்ன வாக்கியம். ஒரு வாக்கியத்துக்கு மூன்றே துண்டு. யார், என்ன உறவு, யாரோடு. லைன், மாட்டியிருக்கிறது, புதுப் பெட்டியில். கேபிள், போகிறது, இந்தக் குழியில்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் வகுப்பில் முதல் முதலாக நான் யார் உதவியும் இல்லாமல் படித்தவை இப்படிப்பட்ட வாக்கியங்கள்தான். அம்மா தண்ணீர் குடித்தாள். தம்பி பந்து எறிந்தான். அந்தக் கதவுக் கோப்பைப் பார்த்தால் எனக்குக் கண்ணைக் கட்டும். இதைச் சுவரில் பார்த்ததும் கடகடவென்று படித்துவிட்டேன். பெரிய ஆபீசின் பெரிய கம்ப்யூட்டரும் இப்படி எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறதென்றால், அதுவும் நம்ம வகுப்புதான்.

"இதுல ஒரு நல்ல விஷயம் என்னன்னா, ஒரே லைனைப் பத்தி எத்தனை வாக்கியம் வேணும்னாலும் சொல்லலாம். ஒரு இடம்தான்கிற தொல்லை இல்லை. அதனாலதான் திரும்பி வந்தேன். அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் ரெண்டு பெட்டியைச் சொன்னீங்க. நான் ஒண்ணை அழிச்சுட்டேன். அது மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. இப்ப சொல்லுங்க. அந்தத் தெரு லைனுக்கு யார் யாரோட என்னென்ன உறவு?"

"லைன், மாட்டியிருக்கு, புதுப் பெட்டியில" என்றார் மேஸ்திரி, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு.

"வேற?"

"கேபிள், சண்டை போடுது, பக்கத்துக் கேபிளோட" என்றான் ஒட்டடைக்குச்சி. நாங்கள் சிரித்தோம். அந்த அம்மா சிரிக்கவில்லை, அதையும் எழுதினார். பக்கத்தில் பக்கத்தில் போனால் ஒன்றின் இரைச்சல் இன்னொன்றில் கேட்கும் கேபிள்கள் உண்டு. அதுவும் ஒரு உறவுதானாம்.

"வேற?"

"லைன், கரண்டு வாங்குது, பழைய பெட்டிகிட்ட."

அவன் டீயை ஊதிக்கொண்டே சொன்னான். அந்த அம்மாவின் கை சுவரிலேயே நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"ஆமாம்மா. கட்டிக் கொடுத்தப்ப புதுப் பெட்டிக்கு அவ்வளவு கரண்டு தாங்கலை. பேச்சு மட்டும் புதுசுல போகட்டும், கரண்டு பழசுலருந்தே வரட்டும்னு அப்பத்திய அதிகாரியே சொன்னாரு. அவரும் மாறிப் போயிட்டாரு. பொண்ணு இருக்கறது புருஷன் வீட்டுல, சாப்பாடு இன்னும் பொறந்த வீட்டுலருந்து வருது. உலகத்துல நடக்காததா?"

மேஸ்திரி டம்ளரைக் கீழே வைத்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்தோம். மத்தியானத்துக்கு அதிக நேரமில்லை.

நான் டம்ளரோடு எழுந்தேன். "அம்மா, எங்க வீடு அந்தத் தெருதாங்க. என் நாத்தனார் மிஷின் அந்த லைன்லதான் இருக்கு. வீட்டுல அவ தனியா இருக்கா."

மிஷின் நிற்காது, அது வீட்டுக் கரண்டில் ஓடுகிறது. ஆனால் லைன் செத்துவிட்டால், அவளுக்கு மூச்சு முட்டுவது இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. சாயங்காலம் நான் போய்க் கதவைத் திறக்கும்போதுதான் தெரியும்.

இஞ்சினியர் அம்மா அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தார். மழை இரைச்சலில் கேட்கவில்லை என்று ஒலிபெருக்கியில் போட்டார். அதனால் இப்போதைய அதிகாரி பேசியது எங்களுக்கும் கேட்டது.

"பழைய பெட்டி காலின்னு கோப்புல இருக்கேம்மா. பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

"கோப்பு தப்பு சார். அந்த வேலையை நிறுத்தச் சொல்லுங்க."

"அப்ப கேங்கு ஆளுங்க தப்பாச் சொல்லிட்டாங்களா? யாரு அந்த மேஸ்திரி?"

மேஸ்திரியின் முகம் மண் நிறமானது. இத்தனை வருஷத்தில் நாங்கள் பழகிய விஷயம் இது. மேலே ஏதாவது சறுக்கினால் கீழே இருப்பவன் தலையில்தான் விழும். நாங்களும் தலையைக் குனிந்து தயாராக வைத்திருப்போம்.

"இல்ல சார்" என்றார் அந்த அம்மா. "நான் கேட்டதுக்கு அவங்க சரியாத்தான் பதில் சொன்னாங்க. எங்க மாட்டியிருக்குன்னு மட்டும்தான் நான் கேட்டேன். கரண்டு எங்கருந்து வருதுன்னு கேக்கவே இல்லை. அதை எழுத என் ஸ்கீமாவுல இடமும் வைக்கலை. தப்பு என்னோடது. முதல்ல அந்த வேலையை நிறுத்துங்க சார், மத்ததை அப்புறம் பேசலாம்."

அதிகாரியின் குரல் இறங்கியது. "சரி, அந்தக் கேங்குக்கு நான் போன் போடறேன்."

அவர் போட்டிருப்பார். அந்தக் கேங்கு எடுக்கவில்லை. மேஸ்திரி போட்டுப் பார்த்தார், அவருக்கும் எடுக்கவில்லை. கல் உடைக்கும் மிஷின் பக்கத்தில் நிற்பவனுக்குச் சட்டைப்பையில் போன் அடிப்பது எங்கே கேட்கும்? எல்லாரும் ஆபீஸ் வண்டியில் ஏறினோம். ஒட்டடைக்குச்சி மடங்கி உட்கார இடமில்லாமல் பின்னால் கருவிகளோடு படுத்துக்கொண்டான். வழியெல்லாம் நான் வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டிருந்தேன். கடவுள் பெயரா, நாத்தனார் பெயரா, நினைவில்லை.

போய்ச் சேர்ந்தபோது பழைய பெட்டியின் கதவு கழற்றித் தரையில் கிடந்தது. அந்தக் கேங்கு முழுக்க அந்தக் கதவைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. கதவின் மேல் சாப்பாட்டு டப்பாக்கள்.

எங்கள் மேஸ்திரி வண்டி நிற்பதற்குள் குதித்தார். "கரண்டை நிறுத்திட்டீங்களா?"

அவர்கள் மேஸ்திரி வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார். "என்னய்யா அவசரம்? சாப்டுட்டு நிறுத்தலாம்னு இருக்கோம். கரண்டு வேலையில வெறும் வயித்தோட கை வைக்கக் கூடாதுன்னு என் மாமனார் சொல்லுவாரு."

நான் அங்கேயே தெருவோரம் உட்கார்ந்துவிட்டேன். அவருடைய மாமனார் எந்த ஊரோ, உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ, அவர் நன்றாக இருக்க வேண்டும். இஞ்சினியர் அம்மா பெட்டிக்கு முன்னால் போய் நின்று, உள்ளே எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கைப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில், அந்த நல்ல உடுப்போடு, ஈர மண்ணில் உட்கார்ந்தார்.

"உங்க நாத்தனாருக்கு ஒரு போன் போடுங்க" என்றார்.

அதே லைனுக்குப் போட்டேன். அவள் எடுத்தாள். "என்ன அண்ணி, வேலை நேரத்துல? குழியில விழுந்துட்டீங்களா?" என்றாள். "ஒண்ணுமில்லடி" என்று வைத்துவிட்டேன்.

சாயங்காலம் நடந்ததைச் சொன்னபோது அவள் குழாயைச் சரிசெய்துகொண்டு கேட்டாள். "ஆக, நான் இருக்கேன்னு அவங்க கோப்புல இல்லை."

"இருக்கே. புதுப் பெட்டிக்குள்ள இருக்கே."

"எனக்குச் சோறு போடறது யாருன்னு எழுதலை. அதானே?" அவள் மூச்சு வாங்கினாள், ஆனாலும் வாய் நிற்கவில்லை. "நீங்களும் கூட இருந்து படிச்சீங்களே அண்ணி. நான் தினம் அடுப்புல வெந்து உங்களைப் பள்ளிக்கூடம் அனுப்பினது இதுக்குத்தானா?"

"அது தகட்டுல எழுதலடி."

"எது தகட்டுல எழுதியிருக்கு? இந்த வீட்டுல நான் உங்களுக்கு என்ன வேணும்னு எந்தத் தகட்டுல இருக்கு?"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அவள் காலைப் பிடித்து அமுக்கிக்கொண்டே இருந்தேன். வேண்டாம் என்று உதறினாள், பிறகு விட்டுவிட்டாள்.

மறுநாளிலிருந்து எங்களுக்கு முதுகு ஒடிகிற வேலை. புதுப் பெட்டிக்குத் தடிமனான கரண்டு கேபிள் இழுக்க வேண்டும். எங்கள் தெருவைத்தான் தோண்டினோம். நான் இழுத்த கேபிள்களிலேயே கனமானது அது. தோள் தோலுரிந்தது. ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக, இந்தக் கேபிள் யாருக்குப் போகிறது என்று தெரிந்து இழுத்தேன்.

இஞ்சினியர் அம்மாவும் நாள்தோறும் வந்தார். ஆபீசில் அவருக்கு ஏச்சு விழுந்ததாகக் கேள்வி. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. கதவுக் கோப்பையும் திருத்தினார். லைன் ஒரு இடத்தில்தான் இருக்கும், அது சரிதான். ஆனால் அங்கிருந்து வேறு இடத்தைச் சுட்டிக் காட்ட ஒரு விரல் வைக்கலாமாம். இந்த லைனுக்குக் கரண்டு அதோ அங்கிருந்து என்று காட்டுகிற விரல். அப்புறம் குழுக்கள் செய்தார். ஒரே குழியில் போகிறவை ஒரு குழு, ஒரே இடத்தில் கரண்டு வாங்குகிறவை ஒரு குழு. ஒரு லைன் எத்தனை குழுவில் வேண்டுமானாலும் இருக்கலாம். குழு கலைந்தாலும் லைன் அழியாது. ஒவ்வொரு உறவுக்கும் என்ன பெயர் வைப்பது என்று எங்களிடம் கேட்டுக் கேட்டு வைத்தார். சண்டை போடுகிறது என்பதை மட்டும் ஆபீசில் மாற்றிவிட்டார்கள். ஒட்டடைக்குச்சிக்கு இன்னும் அதில் வருத்தம்.

பழைய பெட்டியை உண்மையாகவே நிறுத்துகிற நாள் வந்தது. தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டார்கள். மேஸ்திரி என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றார். "நீ வீட்டுல இரு. உன் நாத்தனாரைப் பக்கத்துல இருந்து பாத்துக்க. கூலி போட்டுக்கறேன்."

இஞ்சினியர் அம்மா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நாத்தனார் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதானா அது? என்னைக் கோப்புலருந்து தொலைச்சவங்க."

"நான்தான்."

"அந்த வேலையை நிறுத்தச் சொல்லி மழையில ஓடினதும் நீங்கதானாம்?"

"எல்லாரும்தான் ஓடினோம்."

"உக்காருங்க. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், சுவரோரமாப் போட்டுக்கங்க."

இஞ்சினியர் அம்மாவின் போன் ஒலித்தது. மேஸ்திரியின் குரல்: "நிறுத்திட்டோம்மா. இங்க எல்லா விளக்கும் அணைஞ்சுடுச்சு."

நாங்கள் மூவரும் மிஷினைப் பார்த்தோம். அது தன் பாட்டுக்கு உஸ் உஸ் என்று மூச்சு விட்டது. அதன் மூலையிலிருந்த சின்னப் பச்சைப் பொட்டு அப்படியே இருந்தது. ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நாத்தனாருக்கும் வரவில்லை போலிருக்கிறது. அவள் கையை நீட்டிப் பொத்தானை அமுக்கினாள்.

அந்தப் பக்கம் மணி போனது. ஒருமுறை. இன்னொரு முறை. இஞ்சினியர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். குழி தோண்டித் தோண்டிக் காய்த்துப்போன கை. விட்டுவிடுவாரோ என்று நினைத்தேன், இறுக்கிக்கொண்டார்.

"சொல்லுங்கம்மா, நர்ஸ் பேசறேன்" என்றது குரல். "மூச்சு முட்டுதா? ஆளை அனுப்பட்டுமா?"

நாத்தனார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. நல்லா இருக்கேன்" என்றாள். "அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"நல்லா இருக்கேன்னு சொல்ல இந்த லைன்ல யாரும் கூப்பிடறதில்லம்மா" என்று நர்ஸ் சிரித்தாள்.

"நான் கூப்பிடுவேன். ரெண்டு பேரு இங்க அழுதுக்கிட்டு உக்காந்திருக்காங்க. அவங்களுக்குக் கேக்கணும், இன்னொரு தடவை ஏதாவது பேசும்மா."